முன்னால் தள்ளினால் நிற்கும் வண்டி

என் ஆசை ரேவதி நைனாவுக்கு,

நாளையோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. பாலத்து முனையில் பேனர் கட்டலாம் என்று உன் அண்ணன் சொன்னார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நீ நிற்கிற கல்யாண வீட்டுப் படத்தையும் தேடி எடுத்து வைத்துவிட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். இந்தக் காற்றுக்குப் பேனர் எத்தனை நாள் தாங்கும்? கிழிந்துபோய் உன் மூக்கு மட்டும் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்தால், போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள்.

அதனால் கடிதம் எழுதுகிறேன். இதை நம் மகள் ரேவதி தன் போனில் தட்டி ஊர் குரூப்பில் போடப் போகிறாளாம். ஆகவே புருஷன் பெண்டாட்டிக்குள் பேச வேண்டியதை எல்லாம் இதில் எதிர்பார்க்காதே. லைட்ஹவுஸ் குப்பமே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்படியும் சில இடத்தில் வாய் தவறினால் நான் பொறுப்பில்லை.

சேதி உன் வண்டியைப் பற்றித்தான். காயலான் கடைக்குப் போயிற்றா, ரோட்டில் ஓடுகிறதா என்பதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? அவசரப்படாதே. உயிரோடு இருந்தபோது ஒரு கதையையாவது என்னை முழுசாகச் சொல்லவிட்டிருக்கிறாயா? இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்லிவிடுகிறேன். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தபோது என் வலது பாதத்தில் திருக்கை முள் குத்தியது. குத்தியது என்னவோ குண்டூசி அளவுதான். உடம்பில் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியாது. புண் ஆறாமல் விரல் போய், பாதம் போய், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நடக்கலாம், நிற்கலாம், ஷேர் ஆட்டோவில் மட்டும் ஏற முடியாது.

பொன்னேரி மார்க்கெட்டில் என் அம்மா உட்கார்ந்து மீன் விற்ற இடத்தில்தான் நானும் உட்காருகிறேன். மீன் கூடை லோடு ஆட்டோவில் போய்விடும். நான் போக வேண்டுமே? இரண்டு ஆம்பிளைகள் கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் வைப்பார்கள். இறங்குகிற இடத்தில் வேறு இரண்டு பேர். எல்லோரும் நல்லவர்கள், ஒருத்தரைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் யாராவது தூக்கித்தான் வைக்க வேண்டும் என்றால் மனுஷிக்கு எப்படி இருக்கும்? கூடைக்கு வெட்கமில்லை. எனக்கு இருந்தது.

ஒரு நாள் நீ பாலத்தருகே நின்று அதைப் பார்த்தாய். அடுத்த வாரம் காட்டூரிலிருந்து டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பழைய அம்பாசடர் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு விவசாயி வீட்டுக் கொட்டகையில், நெல் மூட்டைகளுக்கு நடுவே வருடக்கணக்காக நின்ற வண்டி. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு கோழி கோபமாக இறங்கிப் போனது. இன்னா இது என்று கேட்டேன்.

"உனுக்குக் காலு" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்காக உன்மேல் இருந்த எத்தனையோ கோபத்தை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன், தெரியுமா?

ஆனால் உனக்குத் தெரிந்ததெல்லாம் மீன்பிடி போட்டுதான். உப்புக் காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்று நீயும் உன் கூட்டாளி கோதண்டமும் சேர்ந்து, போட்டுக்கு ஒட்டுவதைப் போலவே வண்டியின் அடிப்பக்கம் முழுக்க பைபர் ஒட்டினீர்கள். ரெசினைக் கலந்து பூசி, அதன்மேல் பைபர் பாயைப் போட்டு, மறுபடி ரெசின். எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. போட்டுக்கு வாங்கிய பெயிண்ட் மிச்சம் இருந்ததால் வெள்ளை வண்டி நீல வண்டி ஆயிற்று. ஐஸ் பெட்டி வைக்கத் தோதாகப் பின் சீட்டைக் கழற்றினாய்.

அப்புறம் அந்தக் கைப்பிடி. காலால் மிதிக்க வேண்டிய பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையால் பிடிக்கிற மாதிரி நீயே ஒன்று செய்தாய். பழைய போட்டு எஞ்சினிலிருந்து வேகம் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கத்தில் பொருத்தினாய். கிளட்சுக்கு என் இடது கால் இருக்கிறது.

"போட்டு மாதிரிதாம்மே. முன்னால தள்ளுனா ஓடும், பின்னால இழுத்தா நிக்கும். இதுல இன்னா பயம்?" என்றாய்.

லைட்ஹவுஸ் பக்கத்து மணலில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். கற்றுக்கொடுத்தாய் என்றால், கத்தினாய். பதிலுக்கு நானும் கத்தினேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நம்மைத்தான் பார்த்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. யாரும் தூக்காமல், யார் தோளையும் பிடிக்காமல் நான் போய்க்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ரோட்டில் ஓட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டாமா என்று கேட்கும்போதெல்லாம் "அப்பறம் பாத்துக்கலாம்" என்றாய். வீட்டுக்கு ஓடு மாற்றுவதும் அப்புறம், ரத்தம் டெஸ்ட் பண்ணுவதும் அப்புறம். அந்த அப்புறம் வருவதற்குள், வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாய். ஓடிவர எனக்குக் கால் இல்லை. நான் வந்து சேர்வதற்குள் நீ இல்லை.

வண்டி நம் வீட்டுப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் நின்றது. கருமாதி முடிந்த கையோடு உன் அண்ணன் தேசப்பன் பேச்சை எடுத்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வண்டி விவகாரம் தெரிந்தவர். வண்டியின் ஆர்.சி. பதிவு அடுத்த ஐப்பசியோடு முடிகிறது, இவ்வளவு பழைய வண்டியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும், தன் தம்பி, அதாவது நீ, கைவைக்காத இடமே அதில் இல்லை, எந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார் என்றார். நல்ல விலை வரும்போதே காயலான் கடையில் போட்டுவிடலாம் என்பது அவர் யோசனை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று எனக்குப் புத்தியும் சொன்னார். விடுவதற்கு ஒரு கால்தானே இருக்கிறது, விட்டுப் பார்க்கிறேன் என்றேன். பாவம், அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

எனக்கும் அதே ஐப்பசிதான் கெடு. நீ போனபிறகு நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. என் இடத்தைத் தீபாவளி வரைக்கும்தான் வைத்திருக்க முடியும், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மார்க்கெட் குத்தகைக்காரர் சொல்லியனுப்பினார். வண்டி ஓடினால் நான் மார்க்கெட்டுக்காரி. ஓடாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து ரேவதியின் மருந்துக்கடைச் சம்பளத்தைத் தின்ன வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ரேவதிதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். கால் இல்லாதவர்கள் ஓட்டுவதற்குத் தோதாக வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். மாற்றியதை ஆபீசில் காட்டி, சரிதான் என்று ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

"மாத்தக்கூடாதுன்னு சொல்லலம்மா. காட்டாம மாத்தக்கூடாதுன்னுதான் சொல்லுது" என்றாள். உன் மகள் என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள்.

எனக்கு எல்.எல்.ஆர். வாங்கிக்கொண்டு, ஒரு நாள் குறித்து, வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்துக் கிளம்பினோம். உன் அண்ணன் ஓட்டினார். வழி முழுக்க இது நடக்காது நடக்காது என்று சொல்லிக்கொண்டே நன்றாக ஓட்டினார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால் மீசையும் அதட்டலுமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் ஒல்லியாக, வெயிலில் களைத்துப்போன வாத்தியார் போல இருந்தார். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரை வண்டியில் பார்க்க வேண்டும் என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு தரையில் ஒரு பேப்பரை விரித்துப் படுத்துப் பார்த்தார்.

"அம்மா, இது காரா, போட்டா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

நம்பர் எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே? சட்டத்தில் குத்தியிருந்த நம்பரின்மேல் நீயும் கோதண்டமும் விரல் மொத்தத்துக்கு பைபர் ஒட்டி வைத்திருந்தீர்கள். போட்டில் ஓட்டையைத் தேடி அடைத்துப் பழகிய கை, பள்ளமாக எதைப் பார்த்தாலும் அடைத்துவிடும்போல. நம்பர் தெரியாத வண்டியை நான் எப்படியம்மா வண்டி என்று சொல்வது என்றார் இன்ஸ்பெக்டர். பின் சீட் எங்கே என்று அடுத்து கேட்டார். கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள், ஒரு எழுத்து அழிந்தாலும் திருட்டு வண்டிக் கணக்கில் போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார்.

கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டான். சூடான காற்றை ஊதுகிற மெஷினை எங்கிருந்தோ வாங்கி வந்து, ரெசினை இளக்கி, மூங்கில் சிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தான். இரும்பு படவே கூடாது என்று நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் பட்டை பட்டையாக உரிந்து நம்பர் வெளியே வந்தது. நேற்றுத்தான் குத்தியதுபோல அப்படியே இருந்தது. இந்தக் கரையோரத்தில் இத்தனை பழைய வண்டியில் நம்பர் துருப்பிடிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை என்று பிறகு இன்ஸ்பெக்டரே சொன்னார். ஊரில் உடனே கதை கட்டிவிட்டார்கள், நீ யோசித்துத்தான் மூடிவைத்தாய் என்று. நீ யோசித்த லட்சணம் எனக்குத் தெரியும். ஆனால் நான் மறுக்கவில்லை.

பின் சீட் வலைக் கொட்டகையில் இருந்தது. நீ கழற்றிப் போட்ட நாளிலிருந்து வலை முடைகிற ஆம்பிளைகள் அதன்மேல்தான் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். திருப்பிக் கொடுங்கள் என்று நான் போய் நின்றதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துக்குப் போகலாமா என்று கூட ஒருவர் யோசித்தார். பிறகு நாலு பேர் சாமி புறப்பாட்டைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மடிப்பு இடுக்குகளிலிருந்து வலை ஊசிகளும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. உன் பீடிக்கட்டு ஒன்றும் கிடைத்தது. அது, பீடியை விடுவதாக எனக்குச் சத்தியம் செய்து கொடுப்பதற்கு முன்னால் வாங்கியதா, பின்னால் வாங்கியதா?

இரண்டாவது தடவை போனபோது நம்பர் இருந்தது, சீட் இருந்தது. எனக்குத் தைரியமும் இருந்தது. இன்ஸ்பெக்டர் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஆபீஸ் மைதானத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார். கைப்பிடியை முன்னால் தள்ளினேன். வண்டி ஓடியது. ஒரு சுற்று அழகாக வந்தேன். வேலியோரம் நின்ற உன் அண்ணன் நிமிர்ந்து நின்றார்.

"இப்ப டக்குனு நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்னால் இழுத்தேன். பிரேக் பிடித்தது. பிடித்த வேகத்தில் என் உடம்பு முன்னால் போனது, உடம்போடு கையும் போனது, கையோடு கைப்பிடியும் போனது. நிற்க வேண்டிய வண்டி துள்ளிப் பாய்ந்தது. நான் மறுபடி இழுக்க, மறுபடி முன்னால் சாய, மறுபடி பாய்ந்தது. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைக் குத்திக்கொண்டுதான் நின்றது. அந்தக் குவியலுக்குப் பின்னால் லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கைப்பிடி எதில் இருந்தது என்று கேட்டார். போட்டில் என்றேன்.

"அம்மா, தண்ணியில பிரேக் கிடையாது. ரோட்டுல இருக்கு. பிரேக் அடிச்சா உடம்பு முன்னால போகும். அப்ப முன்னால போற கை எதைத் தள்ளணும்? பிரேக்கைத்தான் தள்ளணும். இது வேகத்தைத் தள்ளுது."

நான் அழுதேன். இது என் புருஷன் எனக்காகச் செய்தது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அவர் உங்களை நெனச்சுதான் செஞ்சிருக்காரு. தப்பு சொல்லல. ஆனா நான் இதுக்குக் கையெழுத்துப் போட்டா, அந்த வரிசையில நிக்கறவங்க வீட்டுக்கு யாரு போய் பதில் சொல்றது?"

தள்ளினால் நிற்கிற மாதிரி, சான்றிதழோடு விற்கிற கைப்பிடி இருக்கிறது, அதை மாட்டிக்கொண்டு வாருங்கள், வண்டியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். உன் அண்ணன் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணலில் மெதுவாக ஓட்டியவரைக்கும் எனக்கு எதுவும் தெரியவில்லை. மணலே பாதி பிரேக் பிடித்துவிடும். பொன்னேரி ரோட்டில் ஒரு நாள் மாடோ மனுஷனோ குறுக்கே வந்திருந்தால்? நீ ஆசையாகச் செய்த கைப்பிடி என்னைக் கொன்றிருக்கும். பக்கத்தில் நீயும்தான் உட்கார்ந்திருப்பாய்.

இன்னொன்றும் தோன்றியது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீ இருந்திருந்தால் நாம் அந்த ஆபீஸ் பக்கம் போயிருக்கவே மாட்டோம். அப்புறம் அப்புறம் என்று ரோட்டில் இறங்கியிருப்போம். அப்படியென்றால் நீ போனதால்தான் நான் பிழைத்தேனா? இந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ரேவதி நைனா. நீ இருந்திருக்க வேண்டும். நான் எங்காவது மணல் மேட்டில் மோதியிருக்க வேண்டும். இறங்கி வந்து உன்னை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

கைப்பிடியைக் கழற்ற கோதண்டம் ஸ்பேனரோடு வந்தான். இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவன் போய்விட்டான். இப்படி இரண்டு மூன்று தடவை வந்து போனான். கைப்பிடியில் நீ சுற்றிய நைலான் கயிறு அப்படியே இருந்தது, கை வழுக்கக் கூடாது என்று நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாய். உன் கை பட்டது என்று வீட்டில் வேறு என்ன இருக்கிறது எனக்கு? சட்டையெல்லாம் துவைத்தாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் நானே கோதண்டத்தைக் கூப்பிட்டேன். கடைசி போல்ட்டை நான் கழற்றினேன். இதை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எம் போட்டுல மாட்டிக்கட்டுமா அண்ணி? அங்க ஒயுங்கா வேலை செய்யும்" என்றான்.

மாட்டிக்கொள் என்றேன். இப்போது அது முகத்துவாரத்தைத் தாண்டி தினமும் கடலுக்குப் போய் வருகிறது. ஒழுங்காகத்தான் வேலை செய்கிறதாம்.

புதுக் கைப்பிடி கறுப்பாக, வழவழப்பாக, உணர்ச்சியே இல்லாமல் இருக்கிறது. ஸ்டிக்கர் உண்டு, சான்றிதழ் உண்டு. செலவு என்ன ஆயிற்று என்று கேட்காதே, அங்கிருந்து நீ அனுப்பவா போகிறாய்? முன்னால் தள்ளினால் நிற்கும், தன் பக்கம் இழுத்தால் ஓடும். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததற்குத் தலைகீழ்.

மறுபடி அதே மணலில் போய்ப் பழகினேன். உன் அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லம்மா தாயே, எல்லம்மா தாயே என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை உன் பேச்சைத்தான் கேட்டது. கிளம்பலாம் என்று தள்ளுவேன், வண்டி அசையாது. நிறுத்தலாம் என்று இழுப்பேன், பாயும். காய்கிற கருவாட்டுப் பக்கம் போகாதே என்று பெண்கள் கத்துவார்கள். இனிமேல் என்னால் முடியாது, காயலான் கடைக்காரனை வரச்சொல்லுங்கள் என்று ஒரு நாள் நானே சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன் அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுக்கானை இடது பக்கம் தள்ளுனா போட்டு வலது பக்கம் திரும்புது. சின்ன வயசுல ஏரியில உங்க நைனா வள்ளத்த ஓட்னவதானே நீ? அத்த யாரு கத்துக்குடுத்தா? கை தானாக் கத்துக்குச்சு. இதுவும் கத்துக்கும். நாளைக்கு வர்றேன்."

வந்தார். மறுநாளும் வந்தார். எந்த நாளில் என் கை மாறியது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் குறுக்கே நாய் ஓடியது, வண்டி நின்றது, நாய் போனது, நான் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன்தான் எல்லம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது தடவை வண்டிக்கும் எனக்கும் சேர்த்து ஒரே நாளில் பரீட்சை. அதே இன்ஸ்பெக்டர். நான் கதவைத் தட்டுவேன், தட்டியதும் நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னார். மைதானத்தில் பாதி தூரம் போனதும் தட்டினார். என் உடம்பு முன்னால் போனது. கையும் போனது. வண்டி நின்றது. எஞ்சின்கூட அணையவில்லை.

"கை எங்க இருக்குன்னு பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். பிரேக்கை முழுசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போய், நிழலில் நின்று எழுத ஆரம்பித்தார். வண்டியின் நிறம் நீலம் என்று மாற்றி எழுதினார். கையால் இயக்கும் வண்டி என்று ஏற்றினார். இதில் மீன் ஏற்றக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். மீன் லோடு ஆட்டோவில் வரும் சார், நான் மட்டும்தான் இதில் வருவேன் என்றேன்.

போன திங்கட்கிழமை பொன்னேரிக்குப் போனேன். பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் ஏரி, நான் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன். மார்க்கெட் வாசலில் நிறுத்தி, தடியை முதலில் இறக்கி, பிறகு நான் இறங்கினேன். தூக்கிவிட ஓடிவந்த இரண்டு பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். என் இடத்தில் தன் கூடையைப் பரப்பி வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரி, என்னைப் பார்த்ததும் நகர்த்திக்கொண்டாள். அன்றைக்கு வஞ்சிரம் முழுக்க விற்றுப்போனது.

இனி நான் உன்னிடம் உண்மையில் சொல்லவந்தது.

நீ போனதிலிருந்து ஒவ்வொரு இடமாகப் போய் உன் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரேஷன் கார்டில் எடுத்தார்கள். மீனவர் சங்கத்தில் எடுத்தார்கள். பேங்கில் எடுத்தார்கள். எல்லா இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன், நானே எடுக்கச் சொன்னேன். நீ வீட்டில் ஒருத்தனாக இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி குறைந்துகொண்டே வந்தது.

வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்காக அந்த ஆபீஸ் கவுண்டரில் நின்றபோது, கணவர் பெயர் என்ன என்று உள்ளேயிருந்த பெண் கேட்டாள். ரேவதி ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். இத்தனை வருடத்தில் உன் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை, உனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள். சத்தமாகச் சொன்னேன். அவர் இறந்துவிட்டார், அதையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன், பழக்கதோஷம்.

"சர்டிபிகேட்ல பாத்தேம்மா. ஆனா கார்டுல அதுக்கு எடம் இல்ல. இன்னார் மனைவின்னு மட்டும்தான் வரும்" என்றாள்.

அட்டை வந்துவிட்டது. உரிமையாளர் மல்லிகா. அதற்குக் கீழே, மனைவி என்பதற்கு நேராக உன் பெயர். வேறு ஒன்றும் இல்லை, காலஞ்சென்ற என்று இல்லை. இவ்வளவு அச்சடித்த காகிதத்துக்கு நடுவே இந்த ஒரு அட்டையில் மட்டும் நான் இன்னும் உன் பெண்டாட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ரேவதி கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அட்டை ஐந்து வருடத்துக்குச் செல்லும். அது முடிவதற்குள் வண்டியைக் கழுவி, அதே மைதானத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போவேன். தட்டினால் நிறுத்துவேன். கவுண்டரில் யார் இருந்தாலும் கணவர் பெயரைக் கேட்பார்கள். அந்தத் தடவை ஒரே குரலில், வரிசையில் கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிப் புதுப்பித்துக்கொண்டு வருவேன். அதற்கு அடுத்த ஐந்து வருடத்துக்கும் அப்படித்தான். வண்டிக்கும் எனக்கும் ஓடத் தெம்பிருக்கிறவரைக்கும் அப்படித்தான். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஆர்.சி. அட்டையில் உள்ளபடி,
எத்திராஜ் மனைவி
மல்லிகா